குஞ்சு காக்கும் மீன்

முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் காவிரி, வடபால் கொள்ளிடம் என்னும் பெயருடனும் தென்பால் தன் பழம்பெயருடனும் ஓடுகின்றது. அவ்விரு கிளைகளுக்கும் இடையே கிடக்கும் தீவே திருவரங்கம். தென்கரையில் மலைக்கோட்டையைத் தாங்கி நிற்பது திருச்சிராப்பள்ளி. நீர் சூழ்ந்த இவ்வூர்களில் வளரும் சிறுவர்க்கு மீன் புதுப்பொருள் அன்று. ஆற்றில் நீர் ஓடுங்காலத்து அம்மா மண்டபப் படித்துறையில் காலை நனைத்து அமர்ந்தால் சிறு மீன்கள் வந்து விரல்களைக் கொத்தும். ஒரு பிடி பொரியை வீசினால் பல வாய்கள் நீர்மேல் திறக்கும். ஆயினும், படியில் நிற்பவன் காண்பது மீனின் முதுகை மட்டுமே. அஃது எவ்வாறு முட்டையிடுகின்றது, தன் குஞ்சை அறியுமா, அறிந்தால் அதற்கு என் செய்யும் என்பனவற்றையெல்லாம் ஆறு மறைத்துக்கொள்கின்றது. அவ்வாறு மறைந்ததைப் பக்கவாட்டில் காட்டும் சாளரமே கண்ணாடித் தொட்டி.

சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டில் மீன்காட்சிச் சாலை ஒன்று பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. கண்ணாடிக்குப் பின்னே மீன் நீந்தக் காண்பது அக்காலத்தில் பெருவியப்பு. இந்நாளிலோ சென்னைக் கொளத்தூர் அழகுமீன் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற இடமாகிவிட்டது. திருச்சிராப்பள்ளிக் கடைகளிலும் நெகிழிப் பைகளில் வண்ண மீன்கள் தொங்குகின்றன. வாங்குதல் எளிதாயிற்று, வளர்த்தல் அத்துணை எளிதன்று. ஞாயிறன்று மகிழ்ந்து வாங்கிய மீன் வியாழனன்று வயிறு மேலாக மிதப்பது பல வீடுகளில் நிகழ்வதே. அதற்குக் கண்ணேறு காரணம் என்பாரும், கடைக்காரன் நோயுற்ற மீனைத் தந்தான் என்பாரும் உளர். பெரும்பாலும் காரணம் நீரே.

சமய நூல் கற்றோர் ஒரு பழைய உவமையை அறிவர். பறவை தன் முட்டையைத் தொட்டிருந்து குஞ்சாக்கும். ஆமை நினைந்திருந்து குஞ்சாக்கும். மீன் நோக்கியிருந்து குஞ்சாக்கும் என்பது அவ்வுவமை. ஆசான் மாணாக்கனுக்கு அருளும் தீக்கை வகைகளை விளக்க இம்மூன்றையும் எடுத்துக்காட்டுவர். மதுரை அம்மைக்கு மீனாட்சி என்னும் பெயர் அமைந்ததற்கும் இதனைக் காரணமாகக் கூறுவார் உளர். மீன் தன் குஞ்சைக் கண்ணாற் காப்பதுபோல் உயிர்களைக் காப்பவள் என்பது அவர் கருத்து. உவமை அழகியது. உண்மை எவ்வளவு?

ஆமை மணலில் முட்டையிட்டு மூடிவிட்டுத் திரும்பிச் சென்றுவிடும். பின்னர் அது நினைக்கின்றதா என்பதை ஆராய வழியில்லை. மீனைப் பற்றிய செய்தியை ஆராயலாம். கெண்டை முதலிய மீன்களுள் மிகப்பல, முட்டைகளை நீரில் உதிர்த்துவிட்டுத் தம்வழியே போய்விடும். தம் முட்டையைத் தாமே தின்னும் மீன்களும் உண்டு. ஆனால் விரால் அத்தகையதன்று. ஏரியின் ஓரத்தில் செந்நிறக் குஞ்சுத்திரள் ஒன்று மேலெழுந்து காற்று வாங்குவதையும், அதன் கீழே பெரிய விரால் சுற்றிவருவதையும் உழவர் நன்கறிவர். அத்திரளின்மேல் கையை நீட்டினால் விரால் பாய்ந்து வரும். இத்தகைய காட்சியொன்றைக் கண்டவரே அவ்வுவமையை முதன்முதல் சொல்லியிருத்தல் கூடும். விராலினும் நுட்பமாகக் குஞ்சு காக்கும் மீன்குடும்பம் ஒன்று உண்டு. அதனை மீனியலார் சிக்லிடு என்பர். கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காண்பதற்கு இக்குடும்பத்தினும் ஏற்றது அரிது.

சிக்லிடுக் குடும்பத்துள் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் 1,700-க்கும் மேற்பட்டவை. ஆப்பிரிக்காவின் மலாவி, தங்கனீக்கா, விக்டோரியா ஆகிய பேரேரிகளில் மட்டும் பல நூறு இனங்கள் வாழ்கின்றன. கடைகளில் ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கர் என்னும் பெயர்களால் விற்கப்படுவன தென்னமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த சிக்லிடுகள். ஏனைய மீன்கள் பலவற்றிற்கு மூக்கின் ஒவ்வொரு புறத்தும் இரண்டு துளைகள் இருக்க, இவற்றிற்குப் பெரும்பாலும் ஒரே துளை உண்டு. தொண்டையினுள்ளே பற்கள் பதிந்த இரண்டாம் தாடையொன்று உண்டு. இரையை அரைக்கும் வேலையைத் தொண்டைத் தாடை ஏற்றுக்கொண்டமையால், வாய்த்தாடை இரை பிடிப்பதற்கே உரியதாயிற்று. ஆதலால் பாறைப் பாசியைச் சுரண்டும் வாயும், மணலைச் சலிக்கும் வாயும், பிற மீனின் செதிலைக் கொத்தும் வாயும் எனப் பல வடிவங்கள் இக்குடும்பத்துள் தோன்றின.

இந்தியாவின் இயற்கையான சிக்லிடுகள் மூன்றே. அவற்றுள் பெரியது கரிமீன். பசுமை கலந்த உடலில் முத்துத் தெளித்தாற்போன்ற வெண்புள்ளிகள் உடையது. கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் வாழ்வது. சுவை மிகுந்த இம்மீனைக் கேரளம் 2010-ஆம் ஆண்டில் தன் மாநில மீனாக அறிவித்தது. தமிழ்நாட்டின் வட எல்லையிலுள்ள பழவேற்காட்டு ஏரியிலும் இஃது உண்டு. சிறியது, மலையாளத்தில் பள்ளத்தி எனப்படும் மீன். அழகுமீன் வணிகர் இதனை ஆரஞ்சு குரோமைடு என்பர். மூன்றாவது கன்னட நாட்டு ஆறுகள் சிலவற்றில் மட்டுமே காணப்படுவது. முதலிரண்டும் ஈழத்திலும் வாழ்கின்றன. இம்மூன்றுக்கும் மிக நெருங்கிய உறவின மீன்கள் மடகாசுகர்த் தீவில் உள்ளன. இந்தியாவும் மடகாசுகரும் முற்காலத்தில் ஒரே நிலப்பரப்பாய் இருந்து பிரிந்தபோது மீன்களும் பிரிந்தன என்று ஒருசாரார் கூறுவர். மீன்கள் பின்னரே கடலைக் கடந்திருத்தல் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

கரிமீனின் அறிவியற் பெயரில் சூரத்து நகரின் பெயர் உள்ளது. அம்மீன் மிகுந்து வாழ்வதோ தென்னாட்டிலும் ஈழத்திலும்! அப்பெயரை 1790-இல் இட்டவர் பெர்லின் நகரத்து மருத்துவரான பிளாக் என்பவர். அவர் இந்தியாவைக் கண்டவரல்லர். தரங்கம்பாடியில் சமயத்தொண்டு புரிந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்பார் சோழநாட்டுக் கடற்கரை மீன்களைப் பதப்படுத்தி அவருக்கு அனுப்பிவந்தார். அந்நன்றியை மறவாத பிளாக், வேறொரு மீனினத்துக்கு ஜானியஸ் என்று அவர் பெயரையே சூட்டினார். காவிரி கடலொடு கலக்கும் நாட்டு மீன்கள் இவ்வாறு பெர்லினுக்குக் கப்பலேறின.

இனி, பள்ளத்தியின் இல்வாழ்க்கையைக் காணலாம். எட்டுச் சென்டிமீட்டர், அதாவது நான்கு விரல் அகலமே வளரும் மீன் இது. பொன்மஞ்சள் உடலில் செம்புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். விலாவின் நடுவே கரும்பொட்டு ஒன்று. இளமீன் ஐந்தாறினை ஒருங்கே வளர்த்தால் அவற்றுள் இரண்டு தாமே துணை சேரும். துணை சேர்ந்தவை ஒரு கல்லையோ, சாய்ந்து கிடக்கும் மண்சட்டி ஓட்டையோ தேர்ந்தெடுத்து, அதன் முகத்தை வாயாற் கொத்திக் கொத்தித் துப்புரவு செய்யும். அவ்வாறு இரண்டும் ஒரே கல்லை விடாது கொத்துமாயின் முட்டையிடும் நாள் நெருங்கிற்று என்று அறியலாம்.

பெண்மீன் கல்லின்மேல் ஒட்டும் முட்டைகள் இருநூறளவில் இருக்கும். ஒவ்வொரு முட்டையும் சிறு காம்பினால் கல்லோடு பற்றி நிற்கும். அன்றுமுதல் பெற்றோர்க்கு ஓய்வில்லை. ஒன்று முட்டைக்கு எதிரே நின்று மார்புத் துடுப்புகளால் விசிறிக்கொண்டிருக்கும். மற்றொன்று எல்லையைச் சுற்றிவரும். சிறிது நேரங்கழித்து இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். விசிறுதல் அழகுக்காக அன்று. முட்டையைச் சூழ்ந்த நீர் தேங்கினால் உயிர்வளி குன்றும், பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்து வெளுத்த முட்டையைப் பெற்றோர் பொறுக்கி எடுத்துவிடும். மூன்று முதல் ஐந்து நாளில் முட்டை பொரியும். பொரிந்த குஞ்சுக்கு நீந்தத் தெரியாது. வயிற்றில் தொங்கும் கருவூணை உண்டு துடித்துக்கொண்டு கிடக்கும். பெற்றோர் முன்னரே மணலில் குழி தோண்டி வைத்திருக்கும். குஞ்சுகளை வாயிற் கவ்வி அக்குழியிற் கொண்டுபோய் இடும். காண்பார், 'ஐயோ, தின்றுவிட்டதே!' என்று பதறுவதுண்டு. அடுத்த நொடியில் குஞ்சு குழியில் உமிழப்படுவதைக் கண்டு வியப்பர்.

சில நாளில் குஞ்சுகள் எழுந்து மேகம்போல் நீந்தத் தொடங்கும். தாயும் தந்தையும் இருபுறமும் காவல் செல்லும். அப்போது பெற்றோர் தம் வயிற்றுத் துடுப்புகளைப் படபடவென்று அடித்துக் காட்டும். அத்துடுப்புகள் கரியன, உடலோ பொன்னிறத்தது. அவ்வசைவைக் கண்ட குஞ்சுகள் திரண்டு பெற்றோரிடம் ஒதுங்கும். சொல்லாலும் தொடுதலாலும் அன்றி, காட்சியாலேயே அழைப்பு நடைபெறுகின்றது. மீன் நோக்கினாற் காக்கும் என்ற பழைய உவமைக்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டுவதில்லை. இன்னும் ஒன்று: குஞ்சுகள் அவ்வப்போது பெற்றோரின் உடலைத் தொட்டுத் தொட்டு விலகும். மீனின் தோல்மேல் ஊறும் வழவழப்பான பசையைக் கொத்தி உண்பதே அச்செயல். பாலூட்டும் விலங்கல்லாத உயிர் தன் உடலில் ஊறுவதையே மகவுக்கு உணவாக்குதல் வியத்தற்குரியது. தென்னமெரிக்க டிஸ்கஸ் மீனிடத்தும் இவ்வழக்கம் உண்டு.

பள்ளத்திக்கும் கரிமீனுக்கும் உள்ள உறவு விந்தையானது. கரிமீனின் உடலில் பற்றிய பூஞ்சையையும் ஒட்டுயிர்களையும் சிறிய பள்ளத்தி கொத்தித் துப்புரவு செய்வதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அதே பள்ளத்தி, வாய்ப்பு நேர்ந்தால் கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுவதையும் அவரே கண்டுள்ளனர். அண்டை வீட்டாருக்குள் உதவியும் பகையும் ஒருங்கே நடத்தல் மனிதர்க்கு மட்டும் உரியதன்று போலும்!

வீட்டில் பள்ளத்தி வளர்க்க விரும்புவார் முதலிற் கவனிக்க வேண்டியது தொட்டியின் அளவு. மேசைமேல் வைக்கும் உருண்டைக் கண்ணாடிக் கோளம் சிக்லிடுக்கு ஆகாது. உண்மையில் எம்மீனுக்கும் ஆகாது. 90 சென்டிமீட்டர் நீளமும், 40 அகலமும், 40 உயரமும் உடைய தொட்டி பொருந்தும். விளிம்பிற்கு நான்கு சென்டிமீட்டர் தாழ நீர் நிரப்பினால் அதனுள் ஏறத்தாழ 130 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். கண்ணாடியும் மணலும் கற்களும் சேர, எழுபத்தைந்து கிலோ மூட்டைகள் இரண்டனை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதை ஒத்த பாரம் ஆகும். ஆதலின் ஆடும் மேசைமேல் அதனை வைத்தல் கூடாது. வெயில் நேரே விழும் சாளரத்தருகிலும் வைத்தல் கூடாது. நீர் கொதிப்பதோடு பாசியும் மண்டும். மணல் பரப்பி, சில தட்டைக் கற்களும், வாய் சாய்ந்த ஒரு மண்சட்டியும் இட்டால் போதும். ஒளிந்துகொள்ள இடமில்லாத மீன் எப்பொழுதும் அச்சத்திலேயே வாழும்.

அடுத்தது நீர். திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் ஒரே தெருவில் இருவகை நீர் கிடைத்தல் கூடும். காவிரி, கொள்ளிடம் ஆகியவற்றின் மணற்படுகையிலிருந்து எடுத்துக் கம்பரசம்பேட்டை முதலிய நீரேற்று நிலையங்கள் வழியாக வரும் நகராட்சி நீர் ஒன்று. வீட்டுக் கிணற்று நீர் அல்லது ஆழ்குழாய் நீர் மற்றொன்று. பாறைப் பாங்கான இடங்களின் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். சவர்க்காரம் நுரைக்காமை, துவரம்பருப்பு வேகாமை, கொதிகலத்தின் அடியில் வெண்பொருக்குப் படிதல் ஆகியவற்றால் அதனை அறியலாம். தங்கனீக்கா, மலாவி ஏரி மீன்கள் கடினநீரை விரும்புவன. டிஸ்கஸ் மீனோ மென்னீரையே விரும்பும், கடினநீரில் மெலியும். சமையலறைப் பாத்திரத்தின் வெண்பொருக்கைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவன் வீண்செலவு செய்யான். பள்ளத்தி இவ்விருவகை நீரையும் ஏற்கும். மிக மென்மையான நீரைக் காட்டிலும் சற்றே கடினமானதில் நன்கு வாழும்.

நகராட்சி நீரில் நோய்க்கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கின்றனர். மனிதர்க்கு நன்மை செய்யும் அக்குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரிதும் நீங்கும். கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்தையும் இடலாம். இவ்விடத்து ஒரு செய்தி குறிக்கத்தக்கது. திருவரங்கத்து வீடுகள் பலவற்றில் குடிநீரைச் செப்புக்குடத்தில் வைக்கும் வழக்கம் உண்டு. தூய்மைக்கு நல்லது என்று எண்ணி அக்குடத்து நீரை மீன்தொட்டியில் வார்த்தல் பெருந்தவறு. செம்பு மிகச் சிறிதளவே நீரிற் கரைந்தாலும் மீனுக்கு நஞ்சாகும். மீனுக்கென ஒரு வாளியைத் தனியே வைத்துக்கொள்ளல் வேண்டும். துணி துவைக்கும் வாளியும் ஆகாது.

தொட்டியை நிரப்பிய அன்றே மீனை விடுவதுதான் பல மீன்கள் இறப்பதற்கு முதற்காரணம். மீன் செவுள் வழியாகவும் கழிவாகவும் அம்மோனியாவை வெளிவிடுகின்றது. எஞ்சிய உணவு அழுகினும் அதுவே தோன்றும். ஆற்றில் அஃது அடித்துச் செல்லப்படும். தொட்டியில் எங்கே போகும்? மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே. வேறுவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இவ்விருவகை நுண்ணுயிரும் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பால் தயிராகப் பிரைமோர் வேண்டுவதுபோல், ஏற்கெனவே மீன் வாழும் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலோ, வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டோ கொணர்ந்து இட்டால் இக்காலம் குறையும். கண்ணாடி பளிச்சென்றிருப்பதும் நீர் தெளிந்திருப்பதும் நன்னீருக்கு அடையாளம் ஆகா. அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. அளவைக் காட்டும் சோதனை மருந்துகள் கடையில் கிடைக்கின்றன.

நுண்ணுயிர் வேலை செய்து முடித்த பின்னும் நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும். ஆதலால் வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை இறைத்துவிட்டுப் புதுநீர் வார்த்தல் வேண்டும். முழு நீரையும் கொட்டிவிட்டு, மணலையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, மறுபடியும் நிரப்புவார் பலர். உழைப்பு மிகுந்த இத்தூய்மை, நுண்ணுயிர்களை அழித்து, தொட்டியை முதல் நாள் நிலைக்கே கொண்டுபோய் விடுகின்றது. பஞ்சை அலச வேண்டின், தொட்டியிலிருந்து இறைத்த பழைய நீரிலேயே அலசுக.

பள்ளத்தி உவர்நீரோடு பழகியது ஆகலின், லிட்டருக்கு இரண்டு கிராம் கல்லுப்பு இடுவது அதற்கு நலம். பூஞ்சை நோய் குறையும். 130 லிட்டருக்கு 260 கிராம் ஆகும். நாலில் ஒரு பங்கு நீரை மாற்றும்போது அப்பங்குக்குரிய 65 கிராம் உப்பையே இடல் வேண்டும். நீர் ஆவியாகிக் குறைந்ததை ஈடு செய்யும்போதோ உப்பு இடவே கூடாது. ஏனெனில், ஆவியாய்ச் சென்றது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிட்டது. இவ்வேறுபாட்டை உணராது ஒவ்வொரு முறையும் உப்பிட்டு, தொட்டியை உப்பளமாக்கினோர் உளர்.

குளிர்நாட்டு நூல்கள் மீன்தொட்டிக்குச் சூடேற்றும் கருவி வேண்டும் என்று வற்புறுத்தும். திருச்சிராப்பள்ளியில் துன்பம் எதிர்மாறானது. கத்திரி வெயிற் காலத்தில் இங்கு வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டும் நாள்கள் உண்டு. 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்கக் கூடும். 30 பாகையில் 7.5 மில்லிகிராமே கரையும். வெப்பம் ஏற ஏற மீனுக்கு வேண்டும் உயிர்வளியோ மிகும். வரவு குறையச் செலவு மிகும் இல்லத்தின் நிலை இது. மீன்கள் மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அவை விளையாடவில்லை. மூச்சுக்குத் தவிக்கின்றன என்று அறிக. மூடியை விலக்கிவிட்டு, ஒரு சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் வீசச் செய்தால் வெப்பம் சில பாகை தணியும். மண்பானையில் நீர் குளிர்வது எவ்வாறோ அவ்வாறே இதுவும். ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கொண்டுசெல்கின்றது. பனிக்கட்டியை அப்படியே போட்டுத் திடீரெனக் குளிர்வித்தல் தீது. மின்சாரம் நின்றால் காற்றுக் குமிழிக் கருவியும் நிற்கும். அப்போது ஒரு குவளையால் தொட்டி நீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து அத்தொட்டியிலேயே திரும்பத் திரும்ப ஊற்றுதல் பழைய முறை. கை வலிக்கும், மீன் பிழைக்கும்.

உணவு பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே, நாளுக்கு இருமுறை இடுக. தேங்கிய நீரிற் காணும் கூத்தாடிப் புழுக்கள் பள்ளத்திக்கு விருப்பமானவை. வீட்டார் அனைவரும் ஆளுக்கொரு பிடி இடுவதுதான் ஆபத்து.

சிக்லிடுகள் எல்லைப் பூசல் உடையன. முட்டையிட்ட இணை, தொட்டியின் பாதியைத் தனதென்று கொண்டு, தன்னினும் பெரிய மீனையும் விரட்டும். அக்காலத்து மற்ற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுதல் நலம். ஆஸ்கர் மீன், வாங்கும்போது விரலளவு இருக்கும்; ஓராண்டில் ஒரு சாணைத் தாண்டும்; வாயிற் கொள்ளும் எம்மீனையும் விழுங்கிவிடும். பிளவர்ஹார்ன் என்பது இயற்கையில் எங்கும் இல்லாதது. பல்வேறு சிக்லிடுகளைக் கலந்து 1990-களில் மலேசியாவில் உருவாக்கப்பட்ட கலப்பினம். அதன் நெற்றிப் புடைப்பு செல்வம் கொணரும் என்று நம்பிப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவார் உளர். செல்வம் விற்றவனுக்கு வந்தது என்பதில் ஐயமில்லை.

இனி வருவது தொட்டிக்கு வெளியே உள்ள செய்தி. மீன் பெருத்துத் தொட்டி போதாமற் போனாலோ, வீடு மாற நேர்ந்தாலோ, தேர்வு நெருங்கிப் பேணுதற்கு நேரமில்லையானாலோ, பலர் செய்வது யாது? ஒரு வாளியில் மீனை எடுத்துக்கொண்டு காவிரிக்கோ, உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கோ, ஊர்க்குளத்திற்கோ சென்று விட்டுவிடுகின்றனர். சிறை வைத்த உயிரை விடுவித்தோம், புண்ணியம் செய்தோம் என்று மகிழ்ந்து வீடு திரும்புகின்றனர். அருளால் எழுந்த அச்செயலின் பயனை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

திலேப்பியா என்னும் ஆப்பிரிக்கச் சிக்லிடு ஒன்று உணவு மீனாக 1952-ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. தென்னாப்பிரிக்கத் துசுவானா மொழியில் மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆண்ட்ரூ ஸ்மித் என்பவர் 1840-இல் அமைத்த பெயர் அது. தமிழ் மக்கள் நாவில் புரண்டு அது சிலேபி என்றும் ஜிலேபி என்றும் ஆகிவிட்டது. இனிப்புப் பண்டத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. குஞ்சு காப்பதில் இது பள்ளத்தியையும் விஞ்சியது. பெண்மீன் முட்டைகளை வாய்க்குள் எடுத்துக்கொண்டு, உண்ணாமல் நோன்பிருந்து அங்கேயே பொரிக்கும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகளும் ஆபத்து நேர்ந்தால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். தாய்மைக்கு எடுத்துக்காட்டாகப் பாடத்தக்க இக்குணமே மற்ற மீன்களுக்குக் கேடாயிற்று. கெண்டை ஆயிரக்கணக்கில் முட்டையிட்டாலும் அவற்றுள் பிழைப்பன சில. சிலேபி இடுவன குறைவாயினும் பெரும்பாலானவை பிழைக்கும். சில திங்களிலேயே முதிர்ந்து ஆண்டிற்குப் பலமுறை ஈனும். ஏரிகளும் அணை நீர்த்தேக்கங்களும் அதனால் நிறைந்தன. உள்நாட்டு மீன்கள் இடமும் இரையும் இழந்தன. அதனைப் பரப்புதற்கு 1959-ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டது. ஆனால் நீருக்குள் சென்றுவிட்ட மீனைத் தடையாணை திரும்ப அழைக்காது. உலகின் மிகக் கொடிய நூறு அயல் உயிரினங்கள் என அறிஞர் வகுத்த பட்டியலில் இம்மீனும் ஒன்று. இன்று காவிரிக் கரையில் மீன் விற்போர் கூடையில் சிலேபி இல்லாத நாள் அரிது.

ஆப்பிரிக்காவில் இதன் மறுதலை நிகழ்ந்தது. விக்டோரியா ஏரியில் 1950-களில் நைல் பெர்ச் என்னும் பெருமீனை விட்டனர். 1980-கள் முடிவதற்குள் அவ்வேரிக்கே உரிய சிறு சிக்லிடு இனங்கள் இருநூறளவில் மறைந்தன என்பர். காக்கும் பெற்றோர் இருந்தும் அவற்றாற் பிழைக்க முடியவில்லை. அவை அறிந்த பகைவரோடு போரிடப் பழகியவை. புதிய பகைவனை அறியாதவை. தமிழ்நாட்டிலும், தொட்டிக் கண்ணாடியின் பாசியைத் துடைக்கும் என்று வாங்கப்பட்ட சக்கர் என்னும் அயல்நாட்டு மீன், விடப்பட்டும் தப்பியும் நீர்நிலைகள் பலவற்றிற் பெருகிவிட்டது. முள்ளும் கவசமும் உடைய அம்மீன் மீனவர் வலையைக் கிழிக்கின்றது; சந்தையில் வாங்குவாரும் இல்லை. வாளை, வரால், ஆரல், அயிரை என்று தமிழ்ப் புலவர் பாடிய மீன்கள் வாழ வேண்டிய நீரில் இவ்விருந்தினர் உண்டு பெருகுகின்றனர். தொட்டியில் நோயுற்ற மீன் ஒன்று ஆற்றை அடைந்தால், அந்நோயும் ஆற்றை அடையும் என்பதையும் எண்ணுதல் தகும். கோயிற் குளமாயின் கேடு இன்னும் விரைவில் தெரியும்; அங்கே நீர் ஓடுவதில்லை.

பள்ளத்தி இந்நாட்டு மீனே ஆயினும் தொட்டியில் வளர்ந்ததை ஆற்றில் விடலாகாது. கடையில் விற்கப்படுவது எந்நாட்டுப் பண்ணையில் எம்மீனோடு கலந்து வளர்ந்தது என்பதை வாங்குவோன் அறியான்.

அங்ஙனமாயின் பெருகும் குஞ்சுகளை என் செய்வது? ஓர் இணை ஒருமுறைக்கு இருநூறு முட்டை இடும். அதில் பாதி பிழைத்தாலும் 130 லிட்டர் நீர் போதாது. குஞ்சு வேண்டாதவர், முட்டையுள்ள கல்லை வெளியே எடுத்துவிடலாம். அல்லது தொட்டியில் துளையிட்ட கண்ணாடித் தடுப்பு வைத்து இணையைப் பிரிக்கலாம். குஞ்சு வளர்க்க விரும்பியவர் முன்னரே பெறுவோரைத் தேடி வைத்தல் வேண்டும். உடன் பயிலும் மாணவர், பள்ளியின் உயிரியற் கூடம், மீன் விற்கும் கடை ஆகியன உண்டு. நன்கு வளர்ந்த குஞ்சுகளை விலை கொடுத்தோ மாற்றுப் பொருள் கொடுத்தோ ஏற்கும் கடைக்காரரும் இருப்பர். கொண்டுசெல்லும்போது பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டி நீரும், எஞ்சிய இரு பங்கு காற்றும் இருக்குமாறு கட்டுதல் வேண்டும். நீரை நிறைய ஊற்றிக் காற்றைக் குறைத்தால் மீன் வழியிலேயே மூச்சடைத்து மாளும். வெயில் ஏறுமுன் காலையிற் புறப்படுக. சென்று சேர்ந்தபின் பையை அவிழ்க்காமல் புதிய தொட்டி நீரின்மேல் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, இரு நீரின் வெப்பமும் ஒத்தபின், புதுநீரைச் சிறிது சிறிதாகப் பையிற் கலந்து, அதன் பின்னரே சிறு வலையால் குஞ்சுகளை மொண்டு விடுதல் வேண்டும்.